புனையா ஓவியமும் முகமற்ற மாந்தரும்

தமிழில் ‘புனையா ஓவியம்’ என்றோர் அருந்தொடர் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் இதனை ஆள்கின்றார். பாசறைக்குச் சென்ற மன்னனைப் பிரிந்து, அணிகலன்களைக் களைந்து, வாடியிருக்கும் அரசிக்கு அஃது உவமையாகின்றது. வண்ணங்கொண்டு எழுதப்பெறாமல் கோட்டளவில் நிற்கும் வடிவமே புனையா ஓவியம் என்பர் உரைகாரர். ஓவியன் முதலிற் கோட்டால் உருவை அமைத்து, அதன்பின்னரே வண்ணம் ஏற்றுவான் என்பதைப் பண்டைத் தமிழர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இத்தொடர் ஒன்றே போதும். அஃதோடு, வண்ணம் ஏறுமுன் உள்ள நிலைக்கும் தனியே ஓர் அழகு உண்டென்பதையும் புலவர் உணர்ந்திருந்தார். இல்லையேல் அரசி ஒருத்திக்கு அதனை உவமை ஆக்கியிரார்.

இந்தப் புனையா நிலையைப் பெருங்கலையாகவே வளர்த்தவர்கள், பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பரோக் ஓவியர்கள் ஆவர். பெரிய ஓவியம் ஒன்றைத் தீட்டத் தொடங்குமுன், சிறிய பலகையில் எண்ணெய் வண்ணத்தால் விரைந்து எழுதிப் பார்க்கும் முன்வரைவுகளை அவர்கள் ஏராளமாகச் செய்தனர். அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டு முத்துக்குளித்துறையோடும் நம் நாட்டு மலாக்காவோடும் தொடர்புடையது. அம்முன்வரைவின் வரலாறு, தோட்டப்புற மக்களின் கதையை எழுத விரும்பும் நமக்கும் ஒரு பாடம் சொல்கின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டறையும் ஆசானும்

பரோக் கலை என்பது ஏறத்தாழ 1600-க்கும் 1750-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவில் ஓங்கி நின்ற கலைப்பாணி. அசைவு, ஒளியும் இருளும் மோதும் தோற்றம், உணர்ச்சிப் பெருக்கு, காண்பாரை வியப்பில் ஆழ்த்தும் பேரளவு ஆகியவை அதன் இயல்புகள். அக்கலையின் தலைமக்களுள் ஒருவர் பீட்டர் பால் ரூபென்ஸ். அவர் 1577-இல் பிறந்தார். அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1578-இல், அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் கொல்லத்தில் அச்சேறியது. தமிழ் அச்சுக்கலையும் இவ்வோவியரும் ஏறக்குறைய ஒத்த அகவையினர் என மாணவர் நினைவிற் கொள்ளலாம்.

இத்தாலியில் எட்டாண்டுகள் பயின்ற ரூபென்ஸ், 1608-இல் இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆண்ட்வெர்ப் நகருக்குத் திரும்பினார். அவர் புகழ் விரைவிற் பரவியது. தம்மிடம் பயில வந்தோருள் நூற்றுக்கும் மேற்பட்டவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்ததாக 1611-ஆம் ஆண்டு மடல் ஒன்றில் அவரே எழுதியுள்ளார். அவருடைய பட்டறை, நம் பழங்காலத் தச்சர் கூடத்தையோ சிற்பியர் கூடத்தையோ ஒத்தது. ஆசான் கருத்தை வகுப்பார். மாணாக்கரும் உதவியாளரும் பெரும் பரப்பில் வண்ணம் ஏற்றுவர். முகம், கை முதலிய உயிர்நிலைகளை ஆசான் இறுதியில் திருத்துவார்.

இம்முறையில் ஆசானின் எண்ணம் மாணாக்கருக்குத் தெளிவாகச் சென்று சேரவேண்டும். ஓவியத்திற்குப் பொருள் கொடுப்போரும், இறுதியில் தமக்குக் கிடைக்கப்போவது யாது என்பதை முன்கூட்டியே காண விரும்புவர். இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்தது எண்ணெய் வண்ண முன்வரைவு. அது கட்டடத்திற்கு வரைபடம் போன்றது. ஆயினும் வரைபடத்தில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. ஆசானின் கை நேரே பட்ட இடம் அது.

முன்வரைவு எழுதும் முறை

ரூபென்ஸ் தம் முன்வரைவுகளுக்குப் பெரும்பாலும் ஓக்கு மரப்பலகையையே தேர்ந்தார். பலகையின்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த வெண்பூச்சைத் தடவி வழவழப்பாக்குவர். அதன்மேல் பழுப்பும் சாம்பலும் கலந்த மெல்லிய நீர்மையைப் பரந்த தூரிகையால் இழுத்துவிடுவர். தூரிகையின் வரிகள் அப்படியே தெரியும். அவ்வரிகளைப் பல முன்வரைவுகளில் இன்றும் காணலாம். அவை பின்புலத்திற்கு ஒரு துடிப்பைத் தருகின்றன.

அதன்பின் மெல்லிய பழுப்புக் கோடுகளால் உருவங்கள் எழும். ஒளி படும் இடங்களில் மட்டும் ஈயவெண்மை தடிப்பாக வைக்கப்படும். நிழலுக்கென்று தனி வண்ணம் பெரிதும் வேண்டா, அடிப்பூச்சே நிழலாகிவிடும். சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகியவை ஆங்காங்கே சில தொடுகைகளாக மட்டும் அமையும். ஒரு கை மூன்று கோடுகளில் முடிந்திருக்கும். ஒரு கூட்டம் பத்துப் புள்ளிகளில் உருவாகியிருக்கும். காண்பவர் கண்ணே எஞ்சியதை நிறைவு செய்துகொள்ளும்.

இம்முன்வரைவுகள் இருவகைப்படும். ஓவியம் முழுமையின் அமைப்பைச் சிறிய அளவில் காட்டுவது ஒருவகை. தனி ஒருவரின் தலையையோ கையையோ உடல்நிலையையோ நேரிற் கண்டு எழுதி வைத்துக்கொள்வது மற்றொரு வகை. முன்னது கதையைச் சொல்லும். பின்னது ஆளைச் சொல்லும். பட்டறையில் இத்தகைய தலைவரைவுகள் சேமிப்பாக வைக்கப்பட்டிருந்தன. ஒரு முதியவரின் தாடியுள்ள முகம் இன்று திருத்தொண்டர் ஒருவராகவும், நாளை அரசராகவும், வேறொரு நாள் கூட்டத்தில் நிற்கும் வழிப்போக்கராகவும் பயன்படக்கூடும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வது இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்ட்வெர்ப் வரை

பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் கோவாவுக்கு வந்து, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறையை அடைந்தார். பரதவ மக்களிடையே ஊர் ஊராக நடந்தார். தமிழறியாத அவருக்கு இருமொழியும் ஓரளவு அறிந்த உள்ளூர் மக்கள் வழிபாட்டு வாசகங்களை மொழிபெயர்த்துத் தந்தனர். அவற்றை அவர் மனப்பாடம் செய்து மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1545-இல் மலாக்காவுக்கு வந்து சில திங்கள் தங்கினார். 1552-இல் சீனக் கடற்கரைத் தீவொன்றில் மறைந்தபின், அவருடைய உடல் 1553-இல் மலாக்காவின் புனித பவுல் குன்றிலுள்ள கோவிலில் சில காலம் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பின்னர்க் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. மலாக்காவுக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் நம் மாணவர், அக்குன்றின்மேல் ஒரு கை இழந்து நிற்கும் அவருடைய சிலையைக் கண்டிருப்பர்.

அவருடைய வாழ்க்கையைத் தொர்செல்லினோ என்பார் இலத்தீனில் எழுதினார். 1590-களில் வெளிவந்த அந்நூல் ஐரோப்பாவெங்கும் பரவியது. ஆண்ட்வெர்ப்பில் இயேசு சபையார் 1615-இல் எழுப்பத் தொடங்கிய பெருங்கோவிலின் தலைமைப் பீடத்திற்கு, சவேரியாரின் அருஞ்செயல்களைக் காட்டும் ஓவியமொன்றை எழுதித் தருமாறு ரூபென்சிடம் கேட்டனர். ஏறத்தாழ 1617, 1618-ஆம் ஆண்டுகளில் அஃது எழுதப்பெற்றது. சவேரியார் புனிதராக அறிவிக்கப்பட்டது 1622-இல் ஆதலின், அந்த அறிவிப்புக்கு முன்னரே ஓவியம் தோன்றிவிட்டது என்பது கருதத்தக்கது.

பெரிய ஓவியம் ஐந்து மீட்டருக்கும் மிகுந்த உயரமுடையது. அதற்கென எழுதிய முன்வரைவு ஒரு மீட்டரை ஒட்டிய உயரமே உடையது. இரண்டும் இன்று வியன்னாவிலுள்ள கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. இயேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டபின், 1776-இல் பேரரசி மரியா தெரேசா இவற்றை வாங்கியதனால் அவை அங்குச் சென்றன. குட்டி ஓவியமும் பெரிய ஓவியமும் ஒரே கூரையின்கீழ் இருப்பது அரிய வாய்ப்பு. இரண்டையும் ஒப்பிட்டால், உருவங்களின் நிலையிலும் கையசைவிலும் ஆசான் செய்த மாற்றங்களைக் காணலாம். எண்ணம் வளர்ந்த வழி நம் கண்முன் தெரிகின்றது.

ஓவியத்தில் கறுப்பு அங்கி அணிந்த சவேரியார் உயர்ந்த மேடைமேல் நின்று கை உயர்த்துகின்றார். கீழே இறந்தவன் எழுகின்றான். கண்ணற்றவன் கைகளால் துழாவி வருகின்றான். பின்னணியில் ஒரு கோவிலும் அதிலிருந்து சரியும் தெய்வ உருவும் தெரிகின்றன. நிகழ்ச்சிகள் கீழைநாடுகளில் நடந்தனவாகச் சொல்லப்பட்டவை. ஆயினும் அக்கோவிலின் தூண்கள் உரோமானிய மரபின. சரியும் உருவமோ ஐரோப்பியர் தம் கற்பனையிற் படைத்துக்கொண்ட வேற்றுத் தெய்வம். நம் நாட்டுச் சிற்பி எவரும் அதனைத் தம்முடையது என்று ஏற்கமாட்டார். எழும் உடல்களின் தசைக்கட்டு, ரூபென்ஸ் இத்தாலியிற் பயின்ற பழஞ்சிலைகளை நினைவூட்டுகின்றது.

முகம் பெற்றோரும் பெறாதோரும்

அக்கூட்டத்தின் நடுவே ஒருவர் நிற்கின்றார். உயர்ந்த தொப்பியும் அகன்ற நீண்ட அங்கியும் அணிந்த கிழக்காசியர் அவர். அவருக்கு மட்டும் ஏன் அத்துணைத் தெளிவான தனித்தன்மை? விடை ஒரு வரைபடத்தில் உள்ளது. ‘கொரிய உடை அணிந்த மனிதர்’ எனப் பெயர்பெற்ற, கரியகோலால் எழுதி முகத்தில் செங்கோல் தீற்றிய ரூபென்சின் அவ்வரைபடம், இன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. வரையப்பெற்றவர் கொரியரா, சீன வணிகரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அவ்வுடையையும் முகத்தையும் ரூபென்ஸ் கருத்தூன்றிப் பதிவு செய்தார் என்பதில் ஐயமில்லை. சீனாவிலிருந்து வந்த திரிகோ அடிகளாரையும் 1617-இல் சீன உடையில் அவர் வரைந்துள்ளார். ஆதலின் சீனம் அவருக்கு ஓரளவு கண்கண்ட பொருளாயிற்று.

மற்றொரு சான்று, பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள எண்ணெய் வண்ண முன்வரைவு. ஆப்பிரிக்கர் ஒருவரின் தலையை நான்கு நிலைகளில் அதில் ரூபென்ஸ் எழுதியுள்ளார். ஒன்றில் அவர் முறுவலிக்கின்றார். ஒன்றில் கீழ்நோக்கிச் சிந்திக்கின்றார். கருமேனியில் ஒளி விழும்போது தோன்றும் நீலச் சாயலையும் செம்மையையும் தூரிகை அன்போடு தொட்டிருக்கின்றது. பின்னர் அம்முகம் குழந்தை இயேசுவை வணங்க வந்த அரசருள் ஒருவராகப் பெரிய ஓவியத்திற் பயன்பட்டது. அங்கே அவர் பாத்திரம், முன்வரைவிலோ மனிதர். அவர் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. 1952-இல் பெல்ஜியம் வெளியிட்ட 500 பிராங்குத் தாளின் ஒருபுறத்தில் இந்நான்கு தலைகளும் இடம்பெற்றன. அதே தாளின் மறுபுறத்தில் இருந்தவர், கொங்கோ மக்களைக் கொடுந்துயரில் ஆழ்த்திய மன்னர் இரண்டாம் லியோபோல்டு. வரலாற்றின் கொடிய முரண்களுள் இதுவும் ஒன்று.

ஹாலந்து ஓவியர் ரெம்பிராண்டு, ஏறத்தாழ 1656-க்கும் 1661-க்கும் இடையில் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட வரைபடங்களை எழுதினார். ஷாஜகான் உள்ளிட்ட வடபுலத்தார் அவற்றில் உருப்பெற்றனர்.

இனித் தமிழர் நிலை யாது? சவேரியாரின் கதைக்கு முதற்களம் தமிழ்க் கடற்கரை. அவர் வாயில் தமிழ்ச் சொல்லை வைத்தவர் தமிழ் மக்கள். ஆயினும் ரூபென்ஸ் ஆசியாவில் கால் வைத்தவர் அல்லர். முத்துக்குளித்துறைப் பரதவர் ஒருவரின் தலையை அவர் நேரிற் கண்டு எழுதியதாகச் சொல்லத்தக்க வரைவு எதுவும் இல்லை. ஆகவே பெரிய ஓவியத்தில் பரதவர் நிற்க வேண்டிய இடங்களில் ஆண்ட்வெர்ப் மாந்தரும் பழஞ்சிலைகளும் நிற்கின்றனர். இதில் ஓவியரைக் குறை கூறிப் பயனில்லை. முன்வரைவில் இல்லாத முகம் முடிந்த ஓவியத்தில் வர இயலாது என்னும் எளிய உண்மையே இதற்குக் காரணம்.

நம் சுவர்களில்

இவ்விடத்தில் தமிழ்நாட்டுச் சுவரோவியங்களையும் எண்ணிப்பார்த்தல் தகும். 1010-இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோவிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றில், சோழர்கால ஓவியங்கள் உள்ளன என்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பதினேழாம் நூற்றாண்டு நாயக்கர்கால ஓவியங்கள் அவற்றை மறைத்திருந்தன. மேற்படலம் நீங்கிய இடங்களில் சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை செல்லும் காட்சி வெளிப்பட்டது. பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேற்படலத்தைச் சிதையாமல் பிரித்தெடுத்துத் தனியே காக்கும் முறையைக் கையாண்டனர். சுண்ணச் சுவரில் முதலிற் செங்காவிக் கோட்டால் உருவமைத்து, வண்ணம் நிரப்பி, இறுதியிற் கருங்கோட்டால் வரம்பு கட்டுவது நம் ஓவியர் வழக்கம். ஐரோப்பியர் முன்வரைவைத் தனிப் பலகையில் வைத்துக்கொண்டனர். நம் ஓவியரோ அதனைச் சுவரிலேயே எழுதி அதன்மேலேயே வண்ணம் பூசினர். எனவே நம் புனையா ஓவியங்கள் வண்ணத்தின் அடியில் உறங்குகின்றன. வண்ணம் உதிர்ந்தாலன்றி அவற்றைக் காண இயலாது.

நம் ஓவியரும் அயலாரைக் கூர்ந்து நோக்கியவரே. இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பெற்ற சுவரோவியங்களுள், சேதுபதி மன்னர் ஐரோப்பியரை வரவேற்கும் காட்சி ஒன்று உண்டு. அவர்தம் உடையும் தோற்றமும் வேறுபடுத்திக் காட்டப்பட்டுள்ளன. ஆண்ட்வெர்ப் ஓவியர் தமிழரைக் காணவில்லை. இராமநாதபுரத்து ஓவியர் ஐரோப்பியரை ஓவியத்தில் ஏற்றிவிட்டார்.

மின்னல் வீழ்ந்த நாள்

ஆண்ட்வெர்ப் கோவிலின் கதைக்கு மீள்வோம். அக்கோவிலின் மேற்கூரைகளுக்கு 39 ஓவியங்கள் எழுதித் தருமாறு, 1620 மார்ச்சு 29-இல் ரூபென்சுடன் ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. முன்வரைவுகளை அவர் தம் கையாலேயே எழுத வேண்டும். பெரிய அளவில் வண்ணம் ஏற்றுவதை வான் டைக்கு முதலிய மாணாக்கர் செய்யலாம். அம்முன்வரைவுகளைச் சபையாரிடம் ஒப்படைப்பது, அன்றி அவற்றிற்கு ஈடாக வேறோர் ஓவியம் எழுதித் தருவது என்னும் இரண்டில் ஒன்றை ரூபென்ஸ் தெரிந்துகொள்ளலாம் என்றும் அதில் குறிக்கப்பட்டது. ஒரு பீட ஓவியத்துக்கு ஈடாகக் கருதப்பட்டன அச்சிறு பலகைகள்.

1718 சூலை 18-இல் கோவிலின்மேல் மின்னல் வீழ்ந்தது. தீப்பற்றி 39 மேற்கூரை ஓவியங்களும் எரிந்து சாம்பலாயின. பீட ஓவியங்கள் காப்பாற்றப்பட்டன. இன்று அம்மேற்கூரைகளின் பெருமையை உலகம் எங்ஙனம் அறிகின்றது? பல நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கும் ரூபென்சின் முன்வரைவுகளாலும், தீ விபத்துக்குச் சில ஆண்டுகள் முன்னர் யாக்கோபு தெ விட்டு என்பார் எழுதிவைத்த படிகளாலுமே அறிகின்றது. கண்ணைப் பறித்த பெரும்பரப்பு அழிந்தது. கருவி எனக் கருதப்பட்ட சிறுபலகை நின்றது.

1640-இல் மறைந்த ரூபென்ஸ், தம் வரைபடங்களை உடனே விற்கலாகாது என்றும், தம் மக்களுள்ளோ மருமக்களுள்ளோ ஓவியர் ஒருவர் தோன்றினால் அவருக்கே அவை உரியன என்றும் இறுதி முறியில் எழுதினார். அத்தகையோர் எவரும் தோன்றாமையின் 1657-இல் அவை விற்கப்பட்டன. தம் செல்வத்துள் வழித்தோன்றலின் கைத்தொழிலுக்கு உதவுவது எதுவென அவர் அறிந்திருந்தார்.

தோட்டப்புற வரலாறும் முன்வரைவும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று, நான்கு தலைமுறைத் தமிழர் வாழ்ந்து மறைந்தனர். பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது, தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் ஊர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். 1947-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் திரண்டதும், காவல் துறையினரோடு மோதல் மூண்டதும், பலர் கைதானதும் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுவிட்டன. அந்நூல்களில் ‘தொழிலாளர்’ என்னும் கூட்டம் இருக்கின்றது. பெயரும் முகமும் உடையோர் மிகச் சிலரே.

பெரிய ஓவியத்தை என்றேனும் ஒருவர் எழுதுவார். நாட்டின் வரலாற்றாசிரியர் எழுதலாம், நாவலாசிரியர் எழுதலாம், அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தார் எழுதலாம். அவர் கைக்கு நம்மவரின் தலைவரைவுகள் கிடைக்காவிடின், ரூபென்ஸ் செய்ததையே அவரும் செய்வார். தமக்குத் தெரிந்த முகங்களைக் கொண்டு இடத்தை நிரப்புவார். கங்காணியின் அதட்டல், கிராணியின் மிடுக்கு, தொழிலாளியின் கண்ணீர் என வழிவழி வந்த சில வார்ப்புகளே மீண்டும் மீண்டும் தோன்றும். முத்துக்குளித்துறையில் நேர்ந்தது நம் பெரட்டுக்களத்திலும் நேரும்.

தமிழாசிரியர் இதற்கு என் செய்யலாம்? முழு வரலாற்றை எழுதும் பொறுப்பை மாணவர்மேல் ஏற்ற வேண்டா. ஒரு முதியவர், ஒரு பக்கம் என்று தொடங்கலாம். அவர் எந்தத் தோட்டத்தில், எந்த நிரையில் பால் வெட்டினார். உளிக்கத்தியை எங்ஙனம் தீட்டினார். எந்தப் பாட்டைப் பாடினார். பள்ளியில் எதுவரை பயின்றார். எப்பொழுது சிரித்தார், எப்பொழுது பேச்சை நிறுத்திக் கீழே நோக்கினார் என்பனவற்றை அவர் சொற்களிலேயே எழுதச் செய்யலாம். நடை திருத்தம் பெறாமல் இருந்தாலும் குற்றமில்லை. அணி இலக்கணம் பிறகு வரட்டும். நான்கு நிலைகளில் ஒரு தலையை எழுதிய ஓவியர் அரசவேடத்தைப் பிறகுதான் அணிவித்தார்.

பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள், தோட்டத்துச் செக்ரோல் ஏடுகள், கோவில் திருவிழா அழைப்பிதழ்கள் ஆகியவையும் முன்வரைவுகளே. இடம் மாறும் பள்ளிகளில் இவை முதலில் குப்பைக்குப் போகும் பொருள்களாக உள்ளன. அவற்றைக் கரையானுக்கும் மழைக்கும் விடாமல் காப்பது, நூலகம் கட்டுவதற்கு இணையான பணியாகும்.

எளிய பணி ஒன்றைச் சொல்லி இக்கட்டுரையை முடிக்கலாம். நம் வீடுகளில் மங்கிய நிழற்படங்கள் இருக்கின்றன. லயத்தின் முன் வரிசையாக நிற்பவர், திருமணத்தில் பின்வரிசையில் தலை மட்டும் தெரிபவர், பள்ளிப் படத்தில் வெறுங்காலோடு அமர்ந்திருப்பவர் ஆகியோர் யாவர் எனச் சொல்லக்கூடிய ஒரு பாட்டியோ தாத்தாவோ இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டு, அதன் பின்புறத்தில் கரிக்கோலால் மெல்ல அவர்தம் பெயர்களையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைக்கும்படி மாணவர்க்குச் சொல்வோம்.